சக்கரம் களவு போன வார்டு

இயந்திரங்கள் ஆறும் வைத்த இடத்திலேயே இருந்தன. சக்கரங்களைத்தான் காணவில்லை.

நெஞ்சளவு உயரத்துக்கு நின்ற அந்த டயாலிசிஸ் இயந்திரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் மரக்கட்டைகள் முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தன. நேற்று மாலை வரை அந்தக் கட்டைகளின் இடத்தில் உருளும் சக்கரங்கள் இருந்தனவாம். சக்கரம் போன துக்கம் இயந்திரங்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவை வழக்கம்போல் முனகிக்கொண்டு, கட்டிலில் கிடந்தவர்களின் இரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. துக்கமெல்லாம் வாசலருகே நின்ற இயக்குநரின் முகத்தில்தான் இருந்தது.

"கிழக்கே கருமேகம். எந்த நேரமும் இடியோட மழை பெய்யலாம்," என்று வானிலை தன் அண்ணியின் காதில் ஓதினான்.

அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வானொலியில் வருடக்கணக்கில் வானிலை அறிக்கை வாசித்தவன். நாட்டின் கஜானா காலியாகி, மின்சாரம் பாதி நாள் காணாமல் போய், வானொலி நிலையமும் வாயை மூடிக்கொண்டபின், அண்ணியோடு துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்ந்தான். அண்ணி அவனுடைய மூத்த அண்ணனின் மனைவி. காப்பீட்டு நிறுவனமொன்றில், விபத்து என்று வருவோரில் யார் மெய்யாகவே விழுந்தவர், யார் படுத்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்பவர் என்று பிரித்தறிவது அவர் வேலையாக இருந்தது. அந்த நிறுவனமும் போண்டியாகிவிட, வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு அதே வேலையைத் தனியாகச் செய்துவந்தார்.

நாட்டுக்கு வரும் வெளிநாட்டு உதவிகளையெல்லாம் எங்கே, எதற்கு, எவ்வளவு என்று திட்டமிட்டுப் பங்கிடும் அலுவலகத்தின் தலைவர்தான் இயக்குநர். பெட்ரோலுக்காகத் தெருவே வரிசையில் நின்ற காலை வேளையில் அவருடைய கார் மட்டும் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அக்கம்பக்கத்தார் காரைப் பார்க்கவில்லை. அதன் பெட்ரோல் டாங்கைத்தான் ஏக்கத்தோடு பார்த்தார்கள். வரும் வழியிலேயே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நட்பு நாடுகளின் தூதுக்குழு இன்று வருகிறது. முன்பு அவர்கள் கொடுத்த உதவியில் எட்டு மருத்துவமனைகளுக்கு டயாலிசிஸ் வார்டு அமைந்திருக்கிறது. அவற்றுள் இரண்டைப் பார்வையிடுவார்கள். முதலில் இந்த மருத்துவமனை. பிறகு மதிய விருந்து. விருந்து முடிந்து ஏரிக்கரைச் சாலை வழியாக அடுத்த ஊர் மருத்துவமனை. மாலையில் புதிய உதவித் திட்டத்தில் கையெழுத்து. அது முடிந்ததும் அந்த நாடுகளின் உதவி அலுவலகத்தில் இயக்குநருக்கே ஒரு பதவி காத்திருக்கிறதாம். அதற்குள் யாரோ ஒரு விஷமி சக்கரங்களைக் கழற்றிவிட்டான். விருந்து முடிவதற்குள் அவை கிடைத்தாக வேண்டும்.

"ஏன் சார், நோயாளிங்க மெஷின்மேல ஏறி ஊரைச் சுத்தவா போறாங்க? சக்கரம் இல்லாட்டி என்ன கெட்டுப்போச்சு?" என்று வானிலை கேட்டிருந்தான்.

சுத்தம் செய்ய நகர்த்த வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அண்ணி அவர் பார்த்த திசையைப் பார்க்கவில்லை; அவரைப் பார்த்தார்.

இப்போது வார்டில் நின்றபடி இயக்குநர் தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். சக்கரம் கிடைக்காவிட்டால், ஏரிச் சாலையில் பாலம் பழுது என்று சொல்லி அடுத்த மருத்துவமனைக்குப் போவதையே ரத்து செய்துவிடுவாராம். ஆனால் எடுத்தவன் மட்டும் தப்பக் கூடாது. "ஆளைக் காட்டுங்க போதும். அவன் குடும்பத்துல ஒருத்தருக்கும் இனிமே இந்த நாட்டுல ஒரு மாத்திரைகூடக் கெடைக்காதபடி நான் பாத்துக்கறேன்," என்றார். அமைதியாகத்தான் சொன்னார். மாத்திரை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தினமும் தீர்மானிக்கிற மனிதர். அவர் அதைச் செய்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வானிலைக்கு அந்த வார்டு புதிதல்ல. சென்ற ஆண்டு அவனுடைய அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்துதான் வாரம் இரண்டு முறை உயிரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பிறகு புதுப்பிக்க முடியாமல் போய்விட்டது. அண்ணி எல்லாக் கட்டில்களையும் பார்த்தார். அந்த ஒன்றை மட்டும் அவர் கண் தாண்டிப் போனதை வானிலை கவனித்தான். இந்த வழக்கை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

அண்ணி குனிந்து ஒரு மரக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். அது அசையவில்லை. ஆடாதபடி நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் அமைந்திருந்தது. தலைமைச் செவிலியரிடம் சில கேள்விகள் கேட்டார். நேற்று மாலை நோயாளிகள் போனபின் வார்டைப் பூட்டியதாகவும், காலையில் திறந்தபோது இப்படி இருந்ததாகவும் அவர் சொன்னார். பூட்டு உடையவில்லை. ஒரு குழாய்கூட நழுவவில்லை. இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரலில் திருட்டுக் கொடுத்தவரின் பதற்றம் கொஞ்சமும் இல்லை.

நடைவழிக்கு வந்ததும் அண்ணி கேட்டார்.

"தம்பி, பணத்துக்கு ஆசைப்பட்ட திருடன் என்ன எடுப்பான்?"

"மெஷினை எடுப்பான். முடியலேன்னா செம்புக் கம்பியை உருவுவான்."

"கெடுக்க நெனைச்சவன்?"

"ட்யூபை அறுத்துட்டுப் போயிருப்பான்."

"இவன் சக்கரத்தை எடுத்துட்டு, ஆடாம இருக்கக் கட்டையும் வச்சிட்டுப் போயிருக்கான். குழந்தையைத் தூக்கிப் படுக்க வச்ச மாதிரி." அண்ணி வார்டைத் திரும்பிப் பார்த்தார். "இவன் எதையும் திருடல தம்பி. வேற யாரும் திருடிட்டுப் போகாம பண்ணியிருக்கான்."

வானிலை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் அண்ணி அதற்குள் தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அந்த மருத்துவமனையின் நடைவழிகளைப் பார்த்தால் பார்ப்பவர்க்கே நோய் வரும். ஓடுகள் பெயர்ந்து குழியாகிக் கிடந்தன. ஒரு கிழவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குழியிலும் அவர் ஒரு சாபம் விட்டுக்கொண்டே போனார். கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள் வைத்திருந்தார்கள். ஆனால் டயாலிசிஸ் வார்டின் பின்கதவிலிருந்து கொல்லைப்புறம் வரை புதுச் சிமெண்டில் ஒரு பாதை வழுவழுவென்று ஓடியது. கதவையும் இடித்து அகலப்படுத்தியிருந்தார்கள். பாதையின் முடிவில் சரிவான மேடை. மேடையருகே ஒரு லாரி. லாரியில் சரக்கு ஏதும் இல்லை. மடித்து வைத்த ரஜாய்களும், அதாவது கனத்த பஞ்சுப் போர்வைகளும், கயிற்றுச் சுருள்களும்தான் இருந்தன.

"ஆள் போற பாதை குண்டும் குழியும். மெஷின் போற பாதை மட்டும் கண்ணாடி," என்றான் வானிலை. "மெஷினுக்குச் சுளுக்குப் பிடிச்சிடும்னு பயம்போல."

லாரி ஓட்டுநர் வண்டியின் நிழலில் படுத்திருந்தார். வானிலை அவர் அருகே உட்கார்ந்து, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான். அவ்வளவுதான், மனிதர் தானாகவே புலம்பத் தொடங்கினார். பகலெல்லாம் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதாம். விருந்து ஆரம்பித்ததும் சரக்கை ஏற்றிக்கொண்டு குறுக்குச் சாலையில் பறக்க வேண்டுமாம். வெளிநாட்டார் ஏரிக்கரையைச் சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவதற்குள் இவர் போய் இறக்கிவிட வேண்டுமாம். போன முறையும் அப்படித்தான், அதற்கு முந்தைய முறையும் அப்படித்தான். என்ன சரக்கு என்று வானிலை கேட்டதற்கு, அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வார்டின் பக்கம் தலையை அசைத்தார்.

வானிலை திரும்பி வந்து சொன்னபோது அண்ணி சரிவு மேடையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு காட்டுல மானுங்களுக்கெல்லாம் பஞ்சம்," என்று தொடங்கினார். யோசனை முற்றும்போது அவர் இப்படிக் கதைக்குள் போய்விடுவார். வானிலைக்கு அது பழக்கம். "பக்கத்துக் காட்டு யானை எரக்கப்பட்டு, குகைக்கு ஒரு கட்டுப் புல்லுன்னு குடுத்தனுப்பிச்சு. பொறுப்பு நரிகிட்ட. வழியில வெள்ளம். ஒரே ஒரு கட்டுதான் வந்து சேந்துச்சு. மிச்சம் போயிடுச்சுன்னு சொல்ல நரிக்குக் கூச்சம். யானை பாக்க வர்றப்போ, அந்த ஒரு கட்டையே யானைக்கு முன்னாடி குகை குகையாத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. யானை எல்லாக் குகையிலயும் புல்லைப் பாத்துச்சு. இங்க பஞ்சமே தீந்துபோச்சு போலன்னு, முதுகுல கொண்டுவந்திருந்த புதுப் புல்லை எறக்காமலே திரும்பிப் போயிடுச்சு."

"நரிக்கு என்ன லாபம்?"

"நல்ல நிர்வாகின்னு யானை அதைத் தன் காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு."

"மானெல்லாம்?"

கேட்டதுமே வானிலைக்குப் பதில் தெரிந்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு நாள், அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர்கள் இந்த வார்டின் வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. இயந்திரம் ரிப்பேர் என்றார்கள். அண்ணி அன்றே உதவித் திட்ட அலுவலகத்துக்கு ஓடினார். யாரும் உள்ளே விடவில்லை. பகல் முழுதும் மாடிப்படியில் காத்து நின்றார். மாலையில் படியிறங்கி வந்த ஒரு பெரிய மனிதர், பாதிப் படியில் நின்று, மிகவும் கனிவாகச் சொன்னார்: "ரிப்பேருக்குப் போயிருக்கும்மா. திங்கட்கிழமை வந்துடும்." அண்ணி நம்பினார். வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொன்னார். அவரும் நம்பினார். ஆனால் அவர் உடம்பு திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை.

அந்தப் பெரிய மனிதர்தான் இன்று காலை அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர். அவருக்கு அண்ணியை அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டில் நிற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தானே.

"ரிப்பேர்," என்றார் அண்ணி. ஒரே ஒரு சொல். குரல் உயரவில்லை. உயராமல் போனதுதான் வானிலைக்குக் கிலியாக இருந்தது. அண்ணன் கடைசியாக, திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தன்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. கேலி ஒன்றும் நாக்கில் வரவில்லை. வராத கேலியின் இடத்தில் வேறு ஏதோ கசப்பாக ஊறியது.

"அந்த ஆளை என்ன பண்ணப் போறோம் அண்ணி?"

"மொதல்ல சக்கரத்தைக் கண்டுபிடிப்போம்."

அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவ்வளவு கனமான இயந்திரத்தைச் சத்தமில்லாமல் தூக்கி நிறுத்தக் காரைத் தூக்கும் ஜாக்கி வேண்டும் என்று அண்ணி சொன்னார். பெட்ரோல் இல்லாத நாட்டில் கார் வைத்திருப்பவர் யார் என்று வானிலை சுற்றுமுற்றும் பார்த்தான். கொல்லைப்புறத்துக் கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. மாதக்கணக்கில் ஓடாத கார். கண்ணாடி, கூரை, கதவு எங்கும் விரல் கனத்துக்குத் தூசி. யாரோ அதில் "என்னைக் குளிப்பாட்டவும்" என்று எழுதிவைத்திருந்தார்கள். காரைச் சுற்றி வந்த வானிலை பின்பக்கத்தில் நின்றான். டிக்கியின் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது.

"அண்ணி, இந்தக் கார் பின்பக்கத்தை மட்டும் கழுவிக்கிட்டிருக்கு," என்றான்.

"அது என்னோட கார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த, ஒல்லியான மனிதர். ஓடவோ மறுக்கவோ அவர் முயலவில்லை. சாவியை எடுத்துத் தாமே டிக்கியைத் திறந்தார். ஒரு ஜாக்கியும், பழைய போர்வையில் சுற்றிய சக்கரங்களும் உள்ளே இருந்தன. தலைமைச் செவிலியர் வெளிச்சம் பிடித்தாராம்; மற்றதெல்லாம் இவர் கைவேலை.

அண்ணி குற்றம் சாட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். மருத்துவர் சொன்னதில் முதல் செய்தியே வானிலையைத் தூக்கிவாரிப்போட்டது. இயக்குநர் அவருக்கு வேற்று மனிதர் அல்லர். அவருடைய ஒரே தங்கையின் கணவர்.

வந்த உதவிப் பணம், நாணய மதிப்பு சரிந்த வேகத்தில் கரைந்துபோய், எட்டு வார்டுக்கான பணத்தில் ஒரு வார்டுக்கான இயந்திரங்களைத்தான் வாங்க முடிந்தது. அதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இயக்குநர் தம் திட்டம் பொய்த்ததென்று ஒப்புக்கொள்ளும் வகை அல்லர். ஒரு முறை காட்டிச் சமாளித்தார். மறுமுறையும் காட்ட வேண்டியதாயிற்று. தங்கையின் முகத்துக்காக மருத்துவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ரிப்பேர் பலகையை மாட்டி வந்தார். சென்ற முறை பலகை மாட்டியபோது, கட்டில் ஒன்றில் அவருடைய தாயும் இருந்தார். இரண்டே நாள், தாங்குவார் என்றார் இயக்குநர். தூதுக்குழுவுக்கு ஊர் பிடித்துப்போய்ப் பயணத்தை நீட்டித்துவிட்டார்கள்.

"எங்க அம்மா அவருக்கு மாமியார். அவரைச் சொந்தப் புள்ளையா நெனைச்சவங்க," என்றார் மருத்துவர். "பக்கத்துல நின்ன மெஷினை அவங்க கண்ணு முன்னாடியே உருட்டிக்கிட்டுப் போனாங்க. எப்பப்பா வரும்னு கேட்டாங்க. என் தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. வயசாயிடுச்சு, போயிட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. இன்னும் அந்த ஆளுக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கா."

இனி இந்த இயந்திரங்கள் ஓரடி நகரக் கூடாது என்பது வரைதான் அவர் நினைத்திருந்தார். அடுத்த மருத்துவமனையின் வார்டு காலியாக இருக்கும், தூதுக்குழு பார்க்கும், மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும். அதற்கு மேல் அவர் யோசனை ஓடவில்லை.

"அவர் அங்க போகவே மாட்டார் டாக்டர். பாலம் பழுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவார்," என்றார் அண்ணி.

மருத்துவரின் முகம் தொங்கிப்போய்விட்டது. இத்தனை பாடும் அந்த ஒரு பொய்யில் வீணாகிவிடும் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

வானிலைக்கு வேறொரு கவலை இருந்தது. பழி தீர்க்க அவன் கையும்தான் துடித்தது. ஆனால் துறைமுகத்துக்கு வெளியே மருந்துக் கப்பல் ஒன்று இந்தக் கையெழுத்துக்காகவே காத்து நிற்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. குட்டு வெளிப்பட்டு, கோபத்தில் தூதுக்குழு உதவியை நிறுத்திவிட்டால் யார் தலையில் விடியும் என்று கேட்டான்.

அண்ணி மருத்துவரைப் பார்த்தார். "இன்னைக்குக் கையெழுத்தாகப் போற திட்டத்துல டயாலிசிஸுக்கு என்ன ஒதுக்கியிருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. எட்டு ஊர்லயும் தேவை பூர்த்தியாயிடுச்சுன்னு இருக்கு."

"கேட்டியா தம்பி? இருக்குன்னு காட்டின எடத்துக்கு எவன் குடுப்பான்? அந்த ஆள் நம்ம ஆளுங்களை ஒரு தடவை கொன்னதோட விடல. இனிமே நோய் வர்றவங்களையும் சேத்துத் திட்டம் போட்டுக் கொன்னுட்டு, வெளிநாட்டு ஆபீஸ்ல நாற்காலி வாங்கிட்டுப் போகப் போறார்." அண்ணி டிக்கியை மெதுவாகச் சாத்தினார். "கப்பல் நிக்கலாம். நிக்காமலும் போகலாம். அந்தப் பயத்தைக் காட்டித்தான் இத்தனை நாளா எல்லார் வாயையும் அடைச்சு வச்சிருக்கார். காலி வார்டைக் காலின்னு பாத்தாத்தான் அடுத்த மெஷின் வரும்."

அப்புறம் நடந்ததெல்லாம் மடமடவென்று நடந்தது. தூதுக்குழு வந்தது. மரக்கட்டைகள் தெரியாதபடி இயந்திரங்களுக்கு வெள்ளைத் துணி சுற்றப்பட்டிருந்தது; பாவாடை கட்டிய மெஷினை இன்றுதான் பார்க்கிறேன் என்று வானிலை செவிலியரிடம் சொல்லி, அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். குழுத் தலைவி உயரமான, கண்ணாடி அணிந்த அம்மாள். ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று பார்த்துவிட்டு, இயக்குநரின் கையைக் குலுக்கிவிட்டு விருந்துக்குப் போனார். நேரில் விளக்கம் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் தம் மைத்துனரையும் கூடவே அழைத்துக்கொண்டார்.

விருந்து நடுவில் இருக்கும் நேரம் பார்த்து அண்ணி தொலைபேசியை எடுத்தார். இத்தனை ஆண்டுத் தொழிலில் வாடிக்கையாளரிடம் அவர் ஒரு பொய் சொல்லி வானிலை கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

"சார், சக்கரம் கெடைச்சு மாட்டியாச்சு. மெஷினெல்லாம் லாரில ஏறிடுச்சு. நீங்க நிதானமா சாப்பிட்டுட்டு ஏரி வழியா வாங்க. ஆளா? நேர்ல காட்டறேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பாலம் அந்தக் கணமே பழுது தீர்ந்துவிட்டது.

லாரி குறுக்குச் சாலையில் பறக்கத்தான் செய்தது. சரக்காக அண்ணியும் வானிலையும் ரஜாய்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். விருந்துக்குப் புறப்படுமுன்பே மருத்துவர் அடுத்த ஊர்ச் செவிலியரிடம் தொலைபேசியில் பேசி, சிகிச்சைக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. முகம் வீங்கியவர்கள், கால் வீங்கியவர்கள், படியேறவே மூச்சு வாங்குபவர்கள். அண்ணி அவர்களைக் காலி வார்டுக்குள் அழைத்துப்போய், இயந்திரம் நிற்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெஞ்சு போட்டு ஒருவரை உட்காரவைத்தார். வெளிநாட்டு உதவியைப் புகழும் பித்தளைப் பலகை சுவரில் மினுங்கியது. தூதுக்குழு வரும்போதெல்லாம் கட்டும் சிவப்பு நாடா வெளியே கதவுக்குக் குறுக்கே ஏற்கெனவே கட்டியிருந்தது. அண்ணி அதை அவிழ்க்கவில்லை. பக்கவாட்டு வழியாகவே வந்துபோனார்.

இயக்குநர் வந்திறங்கியபோது முகத்தில் மேகமே இல்லை. அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கதவின் முன் நின்று ஒரு சிறு உரையே ஆற்றினார். கொடுத்த உதவி கடைசி மனிதன் வரை எப்படிச் சேர்ந்தது என்பதை அம்மையார் தம் கண்ணாலேயே காணலாம் என்றார். கத்தரிக்கோலைத் தலைவியிடம் கொடுத்தார். நாடா அறுந்தது. கதவை அவரே தள்ளித் திறந்தார்.

உள்ளே வரிசையாக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரிலிருந்து நீண்ட குழாய்கள் எதிலும் சேராமல் அவர்கள் தலைக்குமேல் தொங்கின.

தலைவி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தைகளை விழுங்கினார். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண், வீங்கிய கையை முழங்காலில் ஊன்றி, உட்கார்ந்தபடியே பேசினாள். "நீங்க வர்றப்பல்லாம் மெஷின் வரும்மா. நீங்க போனதும் போயிடும். இன்னைக்கு என்னமோ நீங்க மட்டும் வந்திருக்கீங்க. இனிமே போகாம இங்கயே தங்கிடுங்களேன்."

மொழிபெயர்ப்பாளருக்கு நாக்கு எழவில்லை. தலைவி மீண்டும் கேட்டார். வானிலை ஓரடி முன்னால் வந்தான். வானொலியில் தமிழிலும் தலைவி பேசிய மொழியிலும் அறிக்கை வாசித்த வாய் அது. கூட்டாமல் குறைக்காமல், புயல் எச்சரிக்கையை வாசிக்கும் அதே நிதானத்தோடு, அந்தப் பெண் சொன்னதைச் சொல் சொல்லாக வெளிநாட்டு மொழியில் சொன்னான். முன்பு இதே வார்டில் இயந்திரங்களோடு படம் எடுத்துக்கொண்ட இரு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி தம் கண்ணாடியைக் கழற்றினார். மாலைக் கையெழுத்து இல்லை என்றும், மற்ற மருத்துவமனைகள் அனைத்தையும் இப்போதே, தாம் சொல்லும் வரிசையில், வழிகாட்டி யாரும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எதையும் நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. புதிதாகத் திட்டமிட வேண்டும் என்றுதான் சொன்னார். அதையும் வானிலையே எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னான்.

குழு வெளியேறியது. இயக்குநர் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"மெஷின் லாரில ஏறிடுச்சுன்னு சொன்னீங்களே."

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்," என்றார் அண்ணி, மிகவும் கனிவாக. "திங்கட்கிழமை வந்துடும்."

அவர் அண்ணியை உற்றுப் பார்த்தார். ஒரு மாடிப்படியும், அதில் நாள் முழுதும் நின்ற ஒருத்தியும் அவர் நினைவில் மெல்ல மேலே வருவதை வானிலை அந்தக் கண்களில் கண்டான். அண்ணி கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு பார்வைதான். அதை அவர் முழுதாக வாங்கிக்கொண்டார்.

ஆனால் அடிபட்டவருக்கும் பல் இருந்தது. இயக்குநர் குரலைத் தாழ்த்தி, பதவி போகும் முன் செய்து முடிக்கத் தமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்றார். சக்கரத்தை எடுத்தவன் யார் என்று சொல்லும்படி கேட்டார். அண்ணி சுவரிலிருந்த பித்தளைப் பலகையை வாசிக்கத் தொடங்கினார். வானிலை கூரையைப் பார்த்தான்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார் மருத்துவர்.

அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கத்தரித்த நாடாவின் ஒரு முனை அவர் தோளில் உரசிக்கொண்டிருந்தது.

"மச்சான், நீங்களா? ஏன்?" இயக்குநரின் குரல் உடைந்தது.

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். பதவி போறது வெளியில. நான் கேக்கறது வீட்டுல." மருத்துவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அம்மா எப்படிப் போனாங்கன்னு தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தூதுக்குழுவின் முன்னால்கூட நிமிர்ந்தே நின்ற இயக்குநர், உட்கார ஓர் இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். வீங்கிய கைப் பெண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.